பாக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் கால் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்களுக்கும்) எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் இணைய இணைப்பு கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. மலை மேல் டவர் அடியில் இருக்கும் ஒரு சிறு பெட்டியிலிருந்து கோயம்புத்தூரில் உள்ள சர்வர் வரை எல்லா டிராஃபிக்கும் நாங்களே எழுதிய ஒரு டனல் புரோகிராம் (டேட்டாவைப் பொதிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்புவது) வழியாகப் போகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அது திணற ஆரம்பித்தது. அதைச் சரிசெய்த கதையைச் சிலரிடம் சொன்னோம். அப்புறம் குன்னூர், கூடலூர், கோவை என்று எல்லாப் பக்கமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கே போட்டு வைக்கிறேன். எல்லாமே லினக்ஸைப் பற்றியது.

சிஸ்டம் காலுக்கு அப்படி என்ன செலவு?

உங்கள் புரோகிராம் நெட்வொர்க் கார்டை நேரடியாகத் தொட முடியாது. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் டேட்டாவின் சிறு துண்டு) வேண்டுமென்றால் கர்னலிடம், அதாவது லினக்ஸின் உள்மையத்திடம், கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். ஒவ்வொரு முறையும் புரோசஸர் தன் அதிகார நிலையை மாற்றி, ரெஜிஸ்டர்களை எடுத்து வைத்து, உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கித் திரும்ப வேண்டும். உள்ளே ஒரு வேலையும் செய்யாத காலுக்கே நூறு நானோநொடியை ஒட்டிப் போய்விடும். போய் வருவதற்குள் கேஷில் (புரோசஸரை ஒட்டியுள்ள வேக மெமரியில்) இருந்த உங்கள் டேட்டா கொஞ்சம் வெளியே தள்ளப்பட்டிருக்கும்; அந்த நஷ்டம் கணக்கில் தெரியாது, வேகத்தில் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஒருவர் ஒரு கைப்பிடி தேயிலை பறித்தவுடன் அதை எடுத்துக்கொண்டு எடை போடும் கொட்டகைக்கு ஓடுகிறார். தராசில் வைத்து, சீட்டு வாங்கி, மேடேறி வந்து அடுத்த கைப்பிடியைப் பறிக்கிறார். இலை நன்றாகத்தான் இருக்கிறது, தராசிலும் குறை இல்லை. பொழுது முழுக்க நடையிலேயே போய்விடுகிறது.

எந்த வேகத்தில் இது உண்மையிலேயே வலிக்கும்?

ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் (பாக்கெட் கம்பியில் போகும் வடிவம்) 64 பைட். முன்னும் பின்னும் வரும் இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் அது 84 பைட் இடத்தை எடுக்கும். 1 ஜிகாபிட் லைனில் நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட், அதாவது பாக்கெட்டுக்கு 672 நானோநொடி. 10 ஜிகாபிட்டில் 67.2 நானோநொடிதான். வெறும் சிஸ்டம் காலே அதற்கு மேல் எடுக்கும்போது அங்கே ஒவ்வொன்றாக வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் நம்மில் எத்தனை பேரிடம் அந்த லைன் இருக்கிறது? 300 மெகாபிட்டில் 1,400 பைட் பாக்கெட்டுகள் போனால் நொடிக்குச் சுமார் 26,800தான். ஒவ்வொன்றுக்கும் 37 மைக்ரோநொடி கிடைக்கிறது. அதற்குள் நிறையச் செய்யலாம். ஆகவே "எனக்கு சிஸ்டம் கால்தான் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் முதலில் எண்ணச் சொல்வேன். என்னிடம் அப்படிச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

அப்படியானால் உங்கள் புரோகிராம் ஏன் திணறியது?

என் தப்புதான். இரண்டு வாரம் டிபிடிகே பற்றி விழுந்து விழுந்து படித்தேன். கர்னலையே ஒதுக்கிவிட்டு கார்டை நேரடியாகப் பிடிக்கும் வழி அது, பெரிய இடத்துச் சமாச்சாரம். கூட இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, ஒரு தடவை எஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்களேன்" என்றார். ஒரு புரோகிராம் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி அது. பத்து நொடி ஓடவிட்டோம். பாக்கெட் ஒன்றுக்கு ஐந்து சிஸ்டம் கால் வந்தது. ஈபோலில் (ஏதாவது வந்தால் எழுப்பிவிடும் கால்) ஒரு காத்திருப்பு, டன் கருவியிலிருந்து (கர்னல் உருவாக்கித் தரும் கற்பனை நெட்வொர்க் கார்டு) ஒரு வாசிப்பு, யூடிபியில் (பாக்கெட்டுகளைத் தனித்தனியாக அனுப்பும் நெறிமுறை) ஒரு அனுப்பல். மீதி இரண்டும் லாக், அதாவது நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவு. ஒரு வரி எழுதுவது, அதை உடனே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க். இங்கே கரண்ட் அடிக்கடி போகும், லாக் போய்விடக் கூடாது என்று சோதனைக் காலத்தில் நானே போட்டது, எடுக்க மறந்துவிட்டேன். அதுவும் எஸ்டி கார்டின் மேல்.

லாக்கை எடுத்தோம். ஈபோல் எழுப்பிவிட்டால் ஒரு பாக்கெட்டோடு நிற்காமல், இனி ஒன்றும் இல்லை என்று கர்னல் சொல்லும் வரை வாசிக்கும்படி மாற்றினோம். அன்று சாயங்காலமே திணறல் பாதி அடங்கிவிட்டது. கீழே வரும் நுட்பங்களில் ஒன்றைக்கூட அதுவரை தொடவில்லை.

எண்ணுவது எப்படி?

எஸ்ட்ரேஸை எண்ணிக்கை மட்டும் காட்டும் முறையில், எல்லா த்ரெட்டுகளையும் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் கிளைகள்) சேர்த்து ஓடவிடுங்கள். அது ஒவ்வொரு காலின் நுழைவிலும் வெளியேறலிலும் புரோகிராமை நிறுத்திப் பார்ப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். எனவே அது காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பார்க்க பெர்ஃப் டிரேஸ் மேல், சுமை குறைவு. நொடிக்கு எத்தனை சிஸ்டம் கால் என்பதை நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதால் வகுத்தால் வரும் எண்தான் நமக்கு வேண்டியது. எங்களுக்கு ஐந்தாக இருந்தது இப்போது பரபரப்பான நேரத்தில் ஒன்றுக்கும் கீழே.

லாக் எல்லாம் எடுத்தாயிற்று. அடுத்து எதைத் தொடுவது?

மொத்தமாக வாங்குவது, மொத்தமாகக் கொடுப்பது. வாங்குவதற்கு ரெக்வ்-எம்எம்எஸ்ஜி, கொடுப்பதற்கு செண்ட்-எம்எம்எஸ்ஜி. பெயரில் எம் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். ஒரு எம் மட்டும் இருப்பது பழைய, ஒற்றைப் பாக்கெட் கால். முதலாவது 2010இல் வந்த 2.6.33 கர்னலிலும் இரண்டாவது 2011இல் வந்த 3.0இலும் சேர்ந்தன. இன்று நீங்கள் வைத்திருக்கும் எந்தப் பெட்டியிலும் இருக்கும். 32 பஃபர்களை (பாக்கெட்டை வாங்கி வைக்கும் மெமரி இடங்களை) ஒரு வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், வந்திருப்பதையெல்லாம் நிரப்பி, எத்தனை என்று சொல்லிவிட்டுத் திரும்பும். எடைக் கொட்டகைக்குக் கைப்பிடியோடு ஓடாமல் மூட்டையாகக் கொண்டு போவது போல.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இது வாசலைத் தாண்டும் செலவை மட்டும்தான் பங்கு போடுகிறது. உள்ளே ஒவ்வொரு பாக்கெட்டும் தனக்கென மெமரி வாங்கி, ரூட்டிங்கும் ஃபயர்வாலும் கடந்து, காப்பி செய்யப்பட்டுத்தான் வருகிறது. அந்த வேலை ஒரு துளியும் குறையாது. பல நேரங்களில் வாசலைவிட அதுதான் பெரிய செலவு. அதனால் 32 மடங்கு வேகம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

32 சேரும் வரை காத்திருந்தால் தாமதம் ஆகாதா?

காத்திருக்கவே கூடாது. பச்சை இலையைச் சாக்கில் அமுக்கி வைத்து வண்டி நிரம்பட்டும் என்று விட்டால் சூடேறிச் சிவந்துவிடும், ஃபேக்டரியில் விலை போகாது. பாக்கெட்டும் அப்படித்தான். நொடிக்கு 26,800 வரும்போது 32 சேர 1.2 மில்லிநொடி, பரவாயில்லை. நள்ளிரவில் நொடிக்கு 100 மட்டும் வந்தால் 320 மில்லிநொடி. அந்த நேரத்தில் வீடியோ காலில் பேசுகிறவர் நம்மைச் சபிப்பார்.

ரெக்வ்-எம்எம்எஸ்ஜிக்கு "ஒன்று வரும் வரை மட்டும் காத்திரு" என்று ஒரு கொடி (காலோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பக் குறி) உண்டு. முதல் பாக்கெட்டுக்காகத் தூங்கும். அது வந்ததும், அந்த நொடியில் வரிசையில் இருப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு திரும்பும். கூட்டம் குறைவென்றால் கொத்து ஒன்றாகவும் இரண்டாகவும் இருக்கும். கூட்டம் ஏறினால் கொத்தும் தானாகப் பெருக்கும். அளவை நாம் முடிவு செய்ய வேண்டியதே இல்லை.

அதே காலில் டைம்அவுட் என்று ஒரு இடமும் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு பாக்கெட் வந்த பிறகுதான் அது கடிகாரத்தைப் பார்க்கும். 31 வந்து 32ஆவது வரவே இல்லையென்றால், நேரம் கடந்தும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கையேட்டிலேயே பிழை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் படித்தது பிழையில் விழுந்த பிறகு.

கர்னலுக்குள் நடக்கும் வேலையையும் குறைக்க முடியுமா?

முடியும். என் அனுபவத்தில் கைக்கு மெய்யாகப் பலன் தந்தது இதுதான். யூடிபிக்கான ஜிஎஸ்ஓ (அனுப்பும்போது கடைசியில் வெட்டுவது) 4.18 கர்னலிலும், ஜிஆர்ஓ (வாங்கும்போது ஒட்டுவது) 5.0இலும் வந்தன.

அனுப்பும்போது பல பாக்கெட்டுகளின் டேட்டாவை ஒரே நீளமான துண்டாக, 64 கேபிக்குள், கொடுத்துவிட்டு "இதை 1,400 பைட் வீதம் வெட்டிக்கொள்" என்று சொல்கிறோம். அந்தப் பெரிய துண்டு கர்னலுக்குள் ஒரே பொருளாக நடக்கிறது. ரூட்டிங் ஒரு முறை, ஃபயர்வால் ஒரு முறை. கார்டுக்குப் போகும் கடைசிக் கட்டத்தில்தான் வெட்டு விழுகிறது. கார்டுக்கே வெட்டத் தெரிந்தால் அதுவே வெட்டும், தெரியாவிட்டால் கர்னல் வெட்டும். வாங்கும்போது இதன் தலைகீழ். ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து வந்த பாக்கெட்டுகளை ஒட்டி, பெரிய துண்டாகவும் ஒவ்வொன்றின் அளவாகவும் நம்மிடம் தருகிறது. செண்ட்-எம்எம்எஸ்ஜி மூட்டையை வாசல் வரை கொண்டு போகிறது என்றால், இது மூட்டையை அவிழ்க்காமலே ஃபேக்டரிக்குள் கொண்டு போய்விடுகிறது.

நிபந்தனை உண்டு. எல்லாத் துண்டும் ஒரே இலக்குக்குப் போக வேண்டும். ஒரே அளவாக இருக்க வேண்டும், கடைசி ஒன்று மட்டும் சின்னதாக இருக்கலாம். டனலுக்கு இது கச்சிதம். எல்லாம் கோயம்புத்தூருக்குத்தான் போகிறது, யாரோ வீடியோ பார்க்கும்போது பாக்கெட்டுகள் எல்லாம் முழு அளவில்தான் வருகின்றன. நடுவில் சின்னது ஒன்று வந்தால் அங்கே கொத்தை முடித்து அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வெட்டும் அளவு லைனின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) தாண்டினால் கர்னல் மறுத்துவிடும். செக்சம் (பிழையைக் கண்டுபிடிக்கும் கூட்டெண்) போடத் தெரியாத கார்டுகளில் சில கர்னல் பதிப்புகள் பிழை திருப்பும். ஆகவே பழைய வழியையும் கோடில் விட்டு வையுங்கள்.

டன் கருவியிலிருந்து மொத்தமாக வாசிக்க முடியவில்லையே?

ஆமாம், அது ஒரு தலைவலி. டன் என்பது சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் முனை) இல்லை, ஃபைல் போல நடந்துகொள்ளும். ரெக்வ்-எம்எம்எஸ்ஜி அங்கே செல்லாது, ஒரு வாசிப்புக்கு ஒரு பாக்கெட். ஆனால் அந்த ஒரு பாக்கெட்டைப் பெரிதாக்கலாம். டன்னைத் திறக்கும்போது விநெட் ஹெட்டர் கொடியைப் போட்டு, டிசிபி (டேட்டாவை வரிசை தவறாமல் ஓடையாகக் கொண்டு போகும் நெறிமுறை) வெட்டும் வேலையை நாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால், கர்னல் 64 கேபி வரையிலான டிசிபி துண்டுகளை வெட்டாமல் தரும். வெட்டுவதும் ஒட்டுவதும் செக்சம் போடுவதும் நம் தலையில். கோடு சிக்கலாகும், கை நடுங்கும் இடம் இதுதான். சரியாக எழுதிவிட்டால் வாசிப்பு எண்ணிக்கை சடாரென விழும்.

இதையெல்லாம் எழுதப் பொறுமை இல்லையென்றால் வயர்கார்டு என்ற ஆயத்த டனலைப் போடுங்கள். 2020இல் 5.6 கர்னலோடு சேர்ந்துவிட்டது. பாக்கெட் யூசர் ஸ்பேஸுக்கு (கர்னலுக்கு வெளியே புரோகிராம்கள் ஓடும் இடம்) வரவே வராது, குறியாக்கமும் கர்னலுக்குள்ளேயே. எங்களுக்கு டனலுக்குள் வேறு சில கணக்குகள் வைக்க வேண்டியிருந்ததால் சொந்தமாக எழுதினோம். இல்லையென்றால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

2018க்குப் பிறகு சிஸ்டம் கால் மெதுவாகிவிட்டது என்கிறார்களே?

உண்மை. அந்த ஜனவரியில் மெல்ட்டவுன் ஓட்டை வெளியானது. கர்னலின் மெமரியை யூசர் புரோகிராம் உளவு பார்க்க முடியும் என்று தெரிந்ததும், பாதிக்கப்பட்ட இன்டெல் புரோசஸர்களில் கர்னலின் பக்க அட்டவணையை (எந்த மெமரி எங்கே என்று சொல்லும் பட்டியலை) தனியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் அட்டவணையை மாற்ற வேண்டும். அதோடு வெளியான ஸ்பெக்டர் என்ற இன்னொரு ஓட்டைக்கான தடுப்புகள் அதற்கு மேல். 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தபோது குஞ்சப்பனைச் சாவடியில் நடந்ததுதான் இங்கும்: சாலை அதே சாலை, வண்டிக்கு வண்டி நிற்கும் நேரம் கூடிவிட்டது.

தடுப்புகளை மொத்தமாக அணைக்க பூட் செய்யும்போது ஒரு வழி இருக்கிறது. உள்ளூர் டிஎன்-43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம் என்பது போல, உங்கள் கோடு மட்டுமே ஓடும் பெட்டிக்கு அது தேவையில்லை என்று வாதிடலாம். நான் அணைப்பதில்லை. இன்று என் கோடு மட்டும் ஓடும் பெட்டியில் நாளைக்கு யாராவது வேறொன்றை ஏற்றுவார்கள், அணைத்தது யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு முன் உங்கள் புரோசஸருக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். ஏஎம்டிக்கு மெல்ட்டவுன் இல்லை. சின்னப் பெட்டிகளில் வரும் கார்டெக்ஸ்-ஏ53க்கும் இல்லை.

ஐஓ-யூரிங் வந்த பிறகு இதெல்லாம் பழசுதானே?

பழசாகவில்லை. ஐஓ-யூரிங் 2019இல் 5.1 கர்னலில் வந்தது, ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. உங்களுக்கும் கர்னலுக்கும் நடுவே பொதுவான மெமரியில் இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டியதை எழுதிப் போடுவீர்கள், மற்றதில் முடிந்ததைக் கர்னல் எழுதிப் போடும். பல வேலைகளை அடுக்கிவிட்டு ஒரே காலில் சொல்லலாம். கர்னல் த்ரெட் ஒன்றே வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி வைத்தால் அந்த ஒரு காலும் வேண்டாம். 6.0 முதல் ஒரு முறை "வாங்கிக்கொண்டே இரு" என்று சொன்னால் போதும், பாக்கெட் வர வர முடிவு வந்து விழும். டன், சாக்கெட், ஃபைல் எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்பது எனக்குப் பிடித்தது.

ஆனால் இதுவும் வாசல் செலவைத்தான் குறைக்கிறது, உள் வேலையை அல்ல. யூடிபிக்கு ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ இல்லாமல் இதை மட்டும் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளும் நிறைய வந்தன. 2023இல் கூகுள் தன் குரோம்ஓஎஸ்ஸில் இதை முடக்கியதாக அறிவித்தது. கண்டெய்னருக்குள் ஓட்டினால் முன்னிருப்பு அமைப்பிலேயே தடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். "வேலை செய்யவில்லை" என்று எழுதுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

டிபிடிகே போட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா?

சிஸ்டம் கால் தீர்ந்துவிடும், உண்மைதான். கார்டின் வளையங்கள் நேராக உங்கள் மெமரியில். இன்டரப்ட் (பாக்கெட் வந்ததென்று கார்டு புரோசஸருக்கு அடிக்கும் மணி) கூடக் கிடையாது. புரோசஸரின் ஒரு கோர் "வந்ததா, வந்ததா" என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 10 ஜிகாபிட், 100 ஜிகாபிட் என்று நிற்கும் டேட்டா சென்டருக்கு அருமையான பொருள்.

டவர் அடியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சும்மா இருக்கும்போதும் அந்தக் கோர் நூறு சதவீதம் ஓடும். அதனால் 5 வாட் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 120 வாட்-மணி. எங்கள் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பதினைந்தில் ஒரு பங்கு. நவம்பர் மழையில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது அந்தப் பங்கின் அருமை தெரியும். இன்னொன்று, பெரும்பாலான கார்டுகளை டிபிடிகே கர்னலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த போர்ட்டில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழி) வராது. புரோகிராம் விழுந்தால் ஆள் மேலே ஏற வேண்டும். நெட்வொர்க் கார்டையும் அட்டை என்கிறோம், சோலைக்குள் நடந்தால் காலில் ஏறுவதையும் அட்டை என்கிறோம். மழைக்காலத்தில் முதல் அட்டைக்காக இரண்டாவது அட்டையிடம் கடி வாங்க எனக்கு விருப்பமில்லை.

நடுவழி வேண்டுமென்றால் எக்ஸ்டிபி. டிரைவர் பாக்கெட்டை எடுத்ததுமே, கர்னலின் பெரிய வேலைகள் தொடங்கும் முன், உங்கள் சிறு ஈபிபிஎஃப் (கர்னலுக்குள்ளேயே ஓடும்) புரோகிராம் ஓடி "விடு, கைவிடு, திருப்பு" என்று முடிவு சொல்லும். தாக்குதல் பாக்கெட்டுகளைக் கைவிட இதைவிட மலிவான இடம் கர்னலில் இல்லை. வேண்டியதை மட்டும் ஏஎஃப்-எக்ஸ்டிபி சாக்கெட் வழியே உங்கள் மெமரிக்குத் திருப்பலாம், மற்றவை வழக்கம்போல் கர்னலுக்குப் போகும், எஸ்எஸ்எச் பிழைக்கும். காப்பி இல்லாமல் நடக்க டிரைவரின் ஆதரவு வேண்டும். மலிவான பெட்டிகளில் அது இருக்காது.

நான் லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக மட்டும் வைத்திருக்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளும் ஃபார்வர்டிங்கும், முகவரியை மாற்றும் நாட் (NAT) வேலையும் கர்னலுக்குள்ளேயே முடிகின்றன, பாக்கெட்டுக்கு சிஸ்டம் கால் ஒன்றுகூட இல்லை. உங்கள் பெட்டி திணறினால் ஒரே கோரில் இன்டரப்ட் குவிகிறதா என்று பாருங்கள்.

டிசிபிக்கு?

சின்னச் சின்னதாக எழுதாமல் சேர்த்து எழுதுங்கள், ரைட்வி ஒன்றே பல பஃபர்களை ஒரு காலில் கொண்டு போகும். டிசிபி ஓடை என்பதால் வாசிக்கும் பஃபரைப் பெரிதாக்கினாலே கால் எண்ணிக்கை குறைந்துவிடும். யூடிபி அளவுக்கு இங்கே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பைத்தானில் எழுதியிருக்கிறேன், கோ (Go) மொழியில் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?

பைத்தானின் சாக்கெட் நூலகத்தில் ரெக்வ்-எம்எம்எஸ்ஜி இல்லை. இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது, பாக்கெட்டுக்கு ஆகும் பைத்தான் செலவே சிஸ்டம் காலை விழுங்கிவிடும். கோ மொழியில் வழக்கமான நெட் நூலகம் ஒவ்வொன்றாகத்தான் வாங்கும். கோ குழுவே தரும் கூடுதல் நெட் தொகுப்பில் கொத்தாக வாசிக்கும் வசதி உள்ளது, லினக்ஸில் அது ரெக்வ்-எம்எம்எஸ்ஜியைத்தான் அழைக்கிறது.

எல்லாம் செய்தும் பாக்கெட் விழுகிறது. ஏன்?

யூடிபி கணக்கில் பெறும் பஃபர் பிழை என்ற எண் ஏறுகிறதா என்று நெட்ஸ்டாட் கருவியில் பாருங்கள். ஏறினால் உங்கள் புரோகிராம் வாசிப்பதற்குள் வரிசை நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வழக்கமான பஃபர் 212,992 பைட். நிறைய என்று தோன்றும். ஆனால் கர்னல் பாக்கெட்டின் அளவோடு அதைச் சுற்றியுள்ள சொந்தக் கட்டமைப்பையும் சேர்த்தே கணக்கு வைக்கிறது, சிறு பாக்கெட்டுகள் என்றால் சில நூறிலேயே நிரம்பிவிடும். உச்சவரம்பையும் உயர்த்தி, சாக்கெட்டிலும் உயர்த்திக் கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் சத்தமில்லாமல் பழைய வரம்பிலேயே நிற்கும். திடீர் வெள்ளத்தைத் தாங்க இது உதவும். புரோகிராம் எப்போதுமே பின்தங்கினால் எவ்வளவு பெரிய பஃபரும் தாமதமாகத்தான் மாறும்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரம் குறிக்கிறேன். அதுவும் சிஸ்டம் கால் தானே?

பெரும்பாலும் இல்லை. கடிகாரத்தைக் கேட்கும் காலை விடிஎஸ்ஓ என்ற ஏற்பாட்டின் மூலம் கர்னல் உங்கள் மெமரியிலேயே வைத்திருக்கிறது, வாசலைத் தாண்டாமல் பதில் கிடைக்கும். எஸ்ட்ரேஸிலும் தெரியாது. தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சில விர்ச்சுவல் மெஷின்களில் கடிகார மூலம் வேறாக அமைந்திருந்தால் இந்தக் குறுக்குவழி அடைபட்டு, ஒவ்வொரு முறையும் நிஜ சிஸ்டம் காலாக மாறிவிடும். எங்கள் கோயம்புத்தூர் சர்வரில் அப்படித்தான் இருந்தது. மூலத்தை டிஎஸ்சிக்கு (புரோசஸருக்குள்ளேயே இருக்கும் எண்ணி) மாற்றினோம், கொத்துக்கு ஒரு முறை மட்டும் நேரம் கேட்டு அதில் உள்ள எல்லாப் பாக்கெட்டுக்கும் அதையே போட்டோம்.